ஒரு போன், இரண்டு பேர், ஒரு காலைப்பொழுது: வன்னிச் சிறுதொழிலுக்கு விளம்பர வீடியோ எடுப்பது எப்படி

கிளிநொச்சிச் சந்தையில் மிளகாய்த்தூள் விற்பவருக்கு வீடியோ தேவையில்லை. வாங்க வருபவர் பையைத் திறந்து மணந்து பார்ப்பார், பிடித்தால் வாங்குவார். கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவருக்கும் கனடா ஸ்காபரோவில் இருப்பவருக்கும் அந்த மணம் போய்ச் சேராது. அவர்களுக்குத்தான் வீடியோ தேவை. பொருளைத் தொடாமல், மணக்காமல் காசு அனுப்பப்போகிற ஒருவருக்கு நம்பிக்கை வரச்செய்வதுதான் அதன் வேலை.

இது புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எழுதுவது. பூநகரியில் மொட்டைக்கருப்பன் அரிசி விற்பவராக இருக்கலாம், முல்லைத்தீவில் கருவாடு போடுபவராக இருக்கலாம், மாங்குளத்தில் தையல் கடை வைத்திருப்பவராக இருக்கலாம். அல்லது இவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்துப் பழக நினைக்கும் பெடியன் பெட்டையாக இருக்கலாம். உதாரணத்துக்கு ஒரு பொருளைப் பிடித்துக்கொள்கிறேன்: ஒரு அக்கா வீட்டில் வறுத்து அரைத்து விற்கும் மிளகாய்த்தூள்.

கடைசி நொடியை முதலில் எழுதுங்கள்

கமராவைத் தொட முதல் ஒரு கொப்பித்தாளை எடுங்கள். யார் வாங்கப்போகிறார்? வீடியோ முடிந்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்? அதைச் செய்ய அவருக்கு என்ன விவரம் தேவை? மூன்றுக்கும் ஒவ்வொரு வரியில் விடை எழுதுங்கள். இதில் அரை மணித்தியாலம் போனாலும் பரவாயில்லை. பிறகு எடுக்கும் ஒவ்வொரு காட்சியும் இந்தத் தாளில் இருந்துதான் வரும்.

கொழும்பில் வேலைக்குப் போய்வரும் ஒரு பெண்தான் வாங்குபவர் என்று வைப்போம். அவருக்கு விலை, பைக்கற்றின் அளவு, அனுப்பும் செலவு, எத்தனை நாளில் வரும் என்ற விவரங்கள் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரின் கேள்வி வேறு. அவருக்குத் தூள் பெரும்பாலும் ஊருக்கு வந்து திரும்பும் சொந்தக்காரரின் சூட்கேசில்தான் போகும். பை உடையுமா, உடுப்பில் கொட்டுமா என்பதே அவருடைய கவலை. அவருக்கான வீடியோவில் வறுக்கும் காட்சியைவிடப் பையைச் சூடுகாட்டி ஒட்டும் காட்சி முக்கியம். ஒட்டிய பையை அக்கா கையால் அழுத்திக் காட்டினால் அந்தக் கவலை போய்விடும். இரண்டு வகை ஆட்களையும் ஒரே வீடியோவில் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே நாளில் எடுத்த காட்சிகளில் இருந்து இரண்டு வீடியோ செய்யலாம்.

கடைசி நொடியில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். அழையுங்கள், பகிருங்கள், லைக் பண்ணுங்கள், பக்கத்துக்கும் வாருங்கள் என்று நாலைச் சொன்னால் ஆள் ஒன்றையும் செய்யமாட்டார். ‘இந்த வட்ஸ்அப் இலக்கத்துக்கு ஒரு செய்தி போடுங்கள்’ என்பது போதும். இலக்கத்தின் முதல் பூச்சியத்தை விட்டு +94 போட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் அதை அப்படியே பதிந்துகொள்ளலாம்.

எதற்குக் காசைக் கரைப்பது

விலைகள் நிலையாக நிற்பதில்லை என்பதால் வரிசையை மட்டும் சொல்கிறேன். முதல் காசு மைக்குக்கு. இரண்டாவது ட்ரைபொட்டுக்கு. மூன்றாவது அன்று வேலைசெய்யும் எல்லாருக்கும் சாப்பாட்டுக்கு. அதற்குப் பிறகு மிஞ்சினால் லைற்றைப் பற்றி யோசிக்கலாம். கமரா வாங்குவது கடைசி. அண்மைக் காலத்தில் வந்த சாதாரண போனின் பின்பக்கக் கமராவே இந்த வேலைக்குக் காணும்.

ஏன் மைக் முதலில்? படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள். பேச்சு விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்கள். சட்டையில் குத்தும் வயர் மைக் ஒன்று போதும். வாங்கமுதல் உங்கள் போனின் துளையைப் பாருங்கள். புதிய போன்கள் பலவற்றில் வட்டத் துளை கிடையாது, சார்ஜ் செய்யும் துளைதான் உண்டு. அதற்குப் பொருந்துகிற மைக்கோ மாற்றியோ வேண்டும்.

மைக்குக்கும் காசில்லையா? இன்னொரு போனில் குரல்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் நெஞ்சுப் பையில் வையுங்கள். தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் ஒருதரம் பலமாகக் கைதட்டுங்கள். பிறகு எடிற் செய்யும்போது கை சேரும் படத்தையும் தட்டிய சத்தத்தையும் ஒன்றாகப் பொருத்தினால் முழுப் பேச்சும் பொருந்திவிடும். மைக்கோ போனோ, வாயில் இருந்து ஒரு சாண் தூரம் சரி.

வெளிச்சத்தை நிரப்ப ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகை போதும். குளிர்சாதனப் பெட்டி வந்த பெட்டிக்குள்ளேயே அது கிடைக்கும். முகத்தின் இருண்ட பக்கத்துக்கு நேரே அதைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். போனை ஆடாமல் வைக்கக் கதிரையும் அதன்மேல் ஒரு அரிசிப் பையும் வைத்துச் சமாளிக்கலாம். கிம்பல் என்ற ஆட்டம் குறைக்கும் கைப்பிடி, ட்ரோன் எல்லாம் இப்போது வேண்டாம். மிளகாய்த்தூள் வாங்குபவர் கிளிநொச்சியை மேலே இருந்து பார்க்கக் கேட்கவில்லை.

நாளும் பொழுதும்

வன்னியில் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியை ஒட்டியே எழுந்து ஆறு மணியை ஒட்டியே விழும். காலை ஆறரையில் இருந்து எட்டரை வரை, பின்னேரம் நாலரையில் இருந்து ஆறு வரை வெளிச்சம் பக்கவாட்டில் வரும், மெதுவாக இருக்கும். நடுப்பகலில் வெளியில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும், ஆளும் கண்ணைச் சுருக்குவார். அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்றால் விறாந்தைக்குள் போங்கள். ஆள் வெளிச்சம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்கட்டும், கமரா வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கட்டும். வாசலை ஆளுக்குப் பின்னால் வைத்தால் முகம் கரியாகிவிடும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் சோளகம் அடிக்கும் காலம். பரந்தன் வெளியில் நின்று அப்போது பேசினால் மைக்கில் புர்ர் என்ற சத்தம்தான் மிஞ்சும். மைக்குக்கு மேல் பஞ்சு உறை போடுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேச்சை வீட்டுக்குள் எடுத்து, வெளிக்காட்சிகளைத் தனியே எடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. தகரக் கூரைக்குக் கீழே மழையில் பேச்சுப் பதிவு செய்யலாம் என்று கனவிலும் நினைக்க வேண்டாம்.

நெல், அரிசி விற்பவர்களுக்கு நாட்காட்டி இன்னும் முக்கியம். கால போகப் பச்சை வயல் மார்கழியில் இருக்கும், விளைந்த வயல் தை கடைசி, மாசியில் இருக்கும். அதைத் தவறவிட்டுவிட்டுப் பங்குனியில் வீடியோ எடுக்கப் போனால் அறுவடை முடிந்த வெறும் அடித்தாள்தான். விற்பனை எப்போது என்றாலும், வயல் அழகாக இருக்கும்போதே போய் எடுத்து வைத்துவிடுங்கள்.

எடுக்க முதல்நாள் அதே நேரத்தில் இடத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் இருங்கள். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, லாண்ட்மாஸ்டர், அரைக்கும் ஆலை, சேவல், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அப்போது கேட்கும். நிற்பாட்டக் கூடியவற்றை நிற்பாட்டச் சொல்லுங்கள். சேவலோடு பேசிப் பயனில்லை, அது வரட்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போன்ற நாட்களில் அந்தப் பக்கத்தில் பேச்சுப் பதிவு வைக்காதீர்கள்.

இரண்டு பேர் வேலையைப் பிரிப்பது

ஒருவர் கமராவைப் பார்ப்பார். மற்றவர் அக்காவோடு கதை கொடுப்பார், காதில் ஹெட்போன் போட்டுச் சத்தத்தையும் கவனிப்பார். இந்த இரண்டாவது ஆள்தான் வீடியோவைக் காப்பாற்றுவார். ஊர்க்காரராக, அந்த வீட்டில் தேத்தண்ணி குடித்துப் பழகினவராக இருந்தால் இன்னும் நல்லது.

எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்ததும் நல்லாகக் கதைக்கும் ஆள்கூடத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் போல ஆகிவிடுவார். ‘வணக்கம் நண்பர்களே’ என்று இந்தியச் சானல் குரலில் தொடங்கும் முல்லைத்தீவு வீடியோக்கள் எனக்கு எப்போதும் பிடிபடுவதில்லை. வாங்குபவர் தேடுவது ஊர்ப் பேச்சைத்தான். கேள்வி கேளுங்கள்: ‘அக்கா, செத்தலை எங்கே வாங்குறீங்கள்? கடைத்தூளுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் இதிலே என்ன கறி வைப்பீங்கள்?’ கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். ‘ஓம், அங்கேதான்’ என்ற பதிலைத் தனியாக வெட்டிப் போட முடியாது. ‘செத்தலை நான் விசுவமடுவிலே வாங்குறனான்’ என்றால் போடலாம்.

பதில் சொல்லும்போது அவர் கமராவைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருந்து கேட்பவரைப் பார்க்கட்டும். கடைசியில் அழைக்கும் ஒரு வரிக்கு மட்டும் நேரே கமராவைப் பார்க்கட்டும். முதல் பத்து நிமிடப் பேச்சு பெரும்பாலும் உதவாது, ஆனாலும் ஓடவிடுங்கள். ‘சரி, முடிஞ்சுது’ என்று சொன்ன பிறகும் உடனே நிற்பாட்ட வேண்டாம். ஆட்கள் இலகுவாகி நல்ல வசனம் சொல்வது அப்போதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னி என்றால் போர், இழப்பு, கண்ணீர் என்று தொடங்கும் விளம்பரங்கள் நிறைய வந்துவிட்டன. சோக இசையைப் போட்டு, இறந்தவரின் படத்தைக் காட்டி, பிறகு மிளகாய்த்தூளைக் காட்டுவார்கள். பார்ப்பவர் இரக்கத்தில் ஒருதரம் வாங்குவார். இரண்டாந்தரம் வாங்குவது தூள் நல்லாக இருந்தால்தான். அக்கா தன் கதையைத் தானாகச் சொல்ல விரும்பினால் சொல்லட்டும், அது அவருடைய உரிமை. நீங்களாகத் தோண்டாதீர்கள். அவருடைய கைத்திறனைக் காட்டுங்கள். பொருளைத் திரும்பத் திரும்ப வாங்க வைப்பது அதுதான்.

படம் பிடித்தல்

போன் கண்ணாடியைத் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த கண்ணாடிதான் பாதி ‘மங்கல் கமரா’க்களின் கதை. வீடியோத் தரத்துக்கு 1080 அளவு போதும். நிமிடத்துக்கு 100 எம்பிக்கு மேல் போகும் போன்கள் உண்டு, ஆகவே முதல்நாளே இடத்தைக் காலிசெய்து வையுங்கள். போனை விமான நிலைக்கு (Airplane mode) மாற்றுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து நிற்கும். விரலால் விரித்துக் கிட்டக் கொண்டுவராதீர்கள், காலால் நடந்து கிட்டப் போங்கள்.

பார்க்கும் பொருளின்மேல் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். மிளகாய்த்தூளுக்கு இது அவசியம். கடும் சிவப்பைப் போன் கமரா தாங்காது, தூள் ஒரே சிவப்புக் கட்டியாகத் தெரியும். பூட்டிய பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் மணிமணியான தூள் தெரியும்.

வீட்டுக்குள் எல்ஈடி அல்லது டியூப் லைற்றின் கீழ் எடுக்கும்போது படத்தில் கோடுகள் ஓடினால் போன் பழுது என்று நினைக்காதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், போன் வழமையாக எடுப்பது நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம். நொடிக்கு 25 பிரேமுக்கு மாற்றினால் பெரும்பாலும் சரிவரும். ஐபோனில் இதற்குக் கமரா அமைப்பில் PAL வடிவங்களைக் காட்டும்படி தெரிவுசெய்ய வேண்டும். வேறு போன்களில் ப்ரோ முறைக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் லைற்றை அணைத்துவிட்டு யன்னலைத் திறவுங்கள்.

ஒவ்வொரு வேலையையும் மூன்று தூரத்தில் எடுங்கள். தூரத்தில் இருந்து குசினி முழுவதும், நடுவில் அக்காவும் அடுப்பும், கிட்டக் கை மட்டும். ஒவ்வொன்றையும் மனதுக்குள் பத்து எண்ணும்வரை அசையாமல் பிடியுங்கள். புதியவர்கள் கமராவை இடமும் வலமும் ஆட்டித் தள்ளுவார்கள், பிறகு எடிற் செய்ய ஒன்றும் தேறாது. கமரா நிற்கட்டும், கை அசையட்டும்.

மிளகாய்த்தூளுக்கு எனக்குப் பிடித்த காட்சிகள் இவை: சுளகில் செத்தல் புடைப்பது, காம்பு உடைப்பது, தாச்சியில் மல்லி விழும் சத்தம், செத்தல் கருகாமல் அகப்பை ஓடுவது, கறிவேப்பிலை மொறுமொறுப்பது, ஆலையில் இருந்து சூட்டோடு தூள் இறங்குவது, கடைசியாக இறால் கறியில் அந்த நிறம் ஏறுவது. செத்தல் வறுக்கும்போது புகைக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். கமராக்காரருக்குத் தும்மல் வரும். ஒரு தும்மலை வெட்டாமல் விட்டுவிடலாம், தூளின் உறைப்புக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

நிற்க வைத்துப் பிடிப்பதா, படுக்க வைத்துப் பிடிப்பதா என்பது வாங்குபவர் எங்கே பார்ப்பார் என்பதைப் பொறுத்தது. வட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ரிக்ரொக், பேஸ்புக் ரீல்ஸ், யூடியூப் ஷோர்ட்ஸ் எல்லாவற்றுக்கும் நிமிர்ந்த 9:16 தான். சிறுதொழிலுக்கு அதிலேயே தொடங்குங்கள்.

கேட்டு எடுக்க வேண்டியவை, எடுக்கவே கூடாதவை

படத்தில் முகம் வரும் எல்லாரிடமும் இது எங்கே போடப்படும் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். வேலைக்கு உதவிசெய்யும் பெண்கள் சிலருக்கு முகம் வருவது பிடிக்காது. கை மட்டும் போதும். பிள்ளைகளின் முகம் வேண்டாம். பின்னணியில் வீட்டு முகவரி, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

இராணுவ முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட வேண்டும், கலியாண வீடியோக்காரரிடம் இருக்கிறது என்பதற்காக இரவல் வாங்கிப் பறக்கவிடக் கூடாது. நல்ல காட்சி தேடி வெளிகளில் இறங்கும்போது மிதிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடிகூட வேண்டாம். பழக்கமில்லாத பற்றைக்குள் போகமுதல் ஊர்க்காரரைக் கேளுங்கள்.

உணவு விற்பவர்கள் பேச்சில் கவனம். மொட்டைக்கருப்பன் சீனி வருத்தத்தை மாற்றும், ஒடியல்மா இன்ன நோயைக் குணமாக்கும் என்று வாயில் வந்ததைச் சொல்லக் கூடாது. தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்தை 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. ‘எங்கள் வீட்டில் இதைத்தான் சமைக்கிறோம்’ என்பது உண்மையும்கூட, நல்ல விளம்பரமும்கூட.

வெட்டி ஒட்டுதல்

போனில் இருந்து மற்றப் போனுக்கு வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது அமுக்கிப் படத்தைக் கெடுத்துவிடும். வயரால் ஏற்றுங்கள், அல்லது டொக்கியுமென்டாக அனுப்புங்கள். மூலக் காட்சிகளை இரண்டு இடத்தில் வைத்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும்.

போனிலேயே கப்கட், இன்ஷொட், விஎன் போன்ற செயலிகள் போதும். கணினி இருந்தால் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பு தாராளம். முதலில் அக்காவின் பேச்சில் நல்ல நாலைந்து வசனங்களை மட்டும் எடுத்து வரிசைப்படுத்துங்கள். கண்ணை மூடிக் கேட்டால் கதை விளங்க வேண்டும். பிறகு வெட்டிய இடங்களுக்கு மேல் கைக் காட்சிகளைப் போட்டு மூடுங்கள். முப்பதில் இருந்து அறுபது நொடி. தொடக்கத்தில் லோகோ, பூமாலை, சுழலும் எழுத்து எதுவும் வேண்டாம். தாச்சியில் செத்தல் விழும் சத்தத்தோடு தொடங்குங்கள்.

பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள், ஆகவே எழுத்து ஓட வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழை எடிற்றிங் செயலியில் ஒட்டினால் கிறுக்கலாக வரும். யுனிகோடில் தட்டி, கூகுள் எழுத்துருக்களில் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்தா மலர் போட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நிற்கிறதா என்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும். தென்பகுதியிலும் விற்பதென்றால் சிங்கள எழுத்தோடு இன்னொரு பிரதி செய்யலாம். அதைச் சிங்களம் தெரிந்த ஒருவரே எழுதட்டும், மொழிபெயர்ப்புச் செயலியை நம்பிப் போடாதீர்கள்.

சினிமாப் பாட்டு வேண்டாம். உரிமைக்காரர் பிடித்தால் சத்தம் போகும், சில நேரம் வீடியோவே போகும். யூடியூப் ஓடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது, ஒவ்வொன்றின் நிபந்தனையையும் வாசித்து எடுங்கள். என்னைக் கேட்டால் மிளகாய்த்தூளுக்கு இசையே தேவையில்லை. அகப்பையும் ஆலையும் போதும்.

போட்ட பிறகு

உட்கிராமங்களில் சிக்னல் மெலிவு. ஏற்றும் வேலையைப் பட்டணத்துக்கு வரும்போது வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் இரவில் போடுங்கள். முதலில் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் இரண்டு பேருக்கு அனுப்பி, ‘என்ன விற்கிறார்கள், எப்படி வாங்குவது?’ என்று மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் உடனே விடை வராவிட்டால் வீடியோவைத் திருத்த வேண்டும். அழகாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்.

போடும் அன்றைக்கு அக்காவின் கையில் சரக்கும், போனில் சார்ஜும் இருக்க வேண்டும். கேட்டவருக்கு அடுத்த நாள் பதில் அனுப்பினால் அவர் வேறு ஆளிடம் வாங்கியிருப்பார். விலை, பொதி விவரம், காசு அனுப்பும் வழி மூன்றையும் எழுதி வட்ஸ்அப்பில் தயாராக வைத்திருந்தால் ஒட்டி அனுப்பலாம். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் இதற்கென்றே விரைவுப் பதில் வசதி உண்டு.

வாங்குகிறவர்களிடம் ‘எதைப் பார்த்து வந்தீங்கள்?’ என்று கேட்டுக் கொப்பியில் குறித்து வையுங்கள். பார்வைக் கணக்கைவிட இந்தக் கொப்பிதான் உண்மை சொல்லும். கேள்விகளையும் குறியுங்கள். ‘உறைப்புக் குறைந்த தூள் இருக்கா, பிள்ளைகளுக்கு?’ என்று திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த வீடியோவின் தலைப்பு கிடைத்துவிட்டது. அதற்கு அக்கா எத்தனை செத்தலுக்கு எவ்வளவு மல்லி போடுகிறார் என்று கேட்டுக்கொண்டு, அடுத்த வறுவல் எந்த நாள் என்று இப்போதே பேசி வையுங்கள்.